பள்ளும் கொழுந்தும்

நெல் விளையாத ஊவாத் தோட்டங்களில் உழவர் திருநாளாகிய தைப்பொங்கல் கொண்டாடப்பெறுதல் வெறும் பழமைப்பற்றே என்பார் உளர். முக்கூடற்பள்ளு இக்கூற்றை மறுக்கும். அந்நூலின் பள்ளனுக்கும் நிலம் சொந்தமன்று. பண்ணைக்காரன் அவனைக் குட்டையில் மாட்டித் தண்டிக்கின்றான். எனினும் மழை வரவும், விதை வகையும், மாட்டு வகையும் ஆங்கே இனிய பாட்டாகின்றன. விளைவித்தவன் மகிழ்ச்சி உடைமையைச் சார்ந்ததன்று என்பது இதனாற் பெறப்படும்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பள்ளன் விளைத்த நெல் அவன் உலையிலும் ஏறியது. பதுளை மலைகளிற் பறித்த கொழுந்தோ தேயிலையாகிக் கப்பலேறிற்று. பொங்கற் பானைக்குரிய அரிசி தோட்டத்திற் கடனாகப் பெறப்பட்டுச் சம்பளத்திற் கழிக்கப்பட்டது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டுப் பாடல்களில் கொழுந்தும் கங்காணியும் இடம்பெறுதல் இதனாலேயாம். ஆகவே, தோட்டத்துப் பொங்கலைப் பாடும் புலவர் பள்ளின் செந்நெல்லை இரவல் பெறாது, கொழுந்துக் கூடையையே பாடுதல் தகும்.