சுவர் கேட்ட படம்

பள்ளி விடுமுறைக்கு அக்காவின் பிள்ளைகள் பட்டர்வொர்த் வந்துவிட்டால் எனக்கு ஒரு வேலை காத்திருக்கும்: இருவரையும் ஃபெரியில் ஏற்றி ஜார்ச்டவுனுக்குக் கூட்டிப்போக வேண்டும். எட்டு மணிக்கெல்லாம் ஆர்மேனியன் தெருவில் நின்றாக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் அந்தச் சைக்கிள் நமக்குக் கிடைக்காது. படம் பிடிக்க வரிசை நின்றுவிடும்.

பினாங்குக்காரருக்கு எந்தச் சைக்கிள் என்று சொல்ல வேண்டியதில்லை. லித்துவேனியாவிலிருந்து வந்த எர்னெஸ்ட் சக்காரெவிச் 2012இல் ஜார்ச்டவுன் விழாவுக்காக வரைந்தது. அக்கா ஓட்டுகிறாள், தம்பி பின்னாலிருந்து அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான். பிள்ளைகள் வெறும் வண்ணம். சைக்கிள் மட்டும் நிஜம், சுவரில் பொருத்திய பழைய இரும்பு. எத்தனையோ முறை பார்த்தும் முகங்களோடு நின்றுவிட்டவன் நான். ஏழு வயதுக்காரி குந்தி உட்கார்ந்து அடியிலிருந்து பார்த்தாள். “மாமா, சைக்கிளுக்கு நிழல் ஆடுது. அவங்க அப்படியே இருக்காங்க.” உண்மைதான். வெளிச்சம் மாற மாற இரும்பின் நிழல் இடம் மாறும், வண்ணம் அசையாது. இரண்டுக்கும் நடுவே உள்ள அந்தச் சின்னப் பிசிறில்தான் வண்டி ஓடுகிறது.

கேனன் தெருப் பையனிடம் இதைவிட அதிக நேரம் நின்றோம். நிஜ நாற்காலி ஒன்றின்மேல் ஏறி, எம்பி, சுவரில் உள்ள காற்றுத் துவாரத்தை எட்டப் பார்க்கிறான். துவாரம் ஓவியர் போட்டதல்ல, கடைவீட்டோடு பிறந்தது. துவாரம் முதலில், பையன் பிறகு. மந்திரி தெருவில் நீலச் சட்டைச் சிறுமியும் அப்படியே: இரண்டு சன்னல்களின் மேற்கூரையில் கை ஊன்றி அந்தரத்தில் தொங்குகிறாள். சன்னல் இல்லாவிட்டால் விழுந்திருப்பாள்.

தெருவோவியத்துக்கு நான் வைத்திருக்கும் பரீட்சை ஒன்றுதான். இந்தப் படத்தைப் பெயர்த்து அடுத்த தெருச் சுவரில் ஒட்டினால் ஏதாவது குறையுமா? பையனை நகர்த்தினால் எட்டிப் பிடிக்க அவனுக்கு ஒன்றுமிருக்காது. அவனைப் பார்த்து ஊர் ஊராக முளைத்த சிறகுகளையும் பூனைகளையும் எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம். நாம் நடுவில் நின்று சிரித்தால்தான் அவை படமாகும். பெரியவன் (பத்து வயது) இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவனுக்குச் சிறகு வேண்டும். படம் எடுத்துக்கொடுத்தேன்.

அவனைக் கட்டிப்போட்டது இரும்புக் கம்பிகள். தெருமுனைகளில் தொங்கும் கேலிச்சித்திரங்கள் மொத்தம் 52. அந்தந்தத் தெருவின் பழங்கதையைக் கம்பியை வளைத்தே எழுதியிருக்கிறார்கள். செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்ட காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூவும் அதிலுண்டு. சிலவற்றில் பேச்சு கொஞ்சம் அதிகம், கோட்டை நம்பியிருக்கலாம். ஆனாலும் ஒரே கம்பியை விரலால் தொடர்ந்துபோய் மூக்கு எங்கே முடிந்து தொப்பி எங்கே தொடங்குகிறது என்று தேடுவது நல்ல விளையாட்டு.

இவையெல்லாம் இந்த ஊரில் பொருந்துவதற்குச் சுவர்களும் காரணம். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நகரம். பழைய கடைவீடுகள் தெருத் தெருவாக நிற்கின்றன. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தைக் குடித்து உப்பிப் பொரிந்து உதிரும். கூடவே வண்ணமும் உதிரும். சிறியவளுக்கு அந்தப் பொரியைப் பிய்க்கக் கை துறுதுறுத்தது. பிடித்துக்கொண்டேன், எனக்கும் துறுதுறுத்தது என்பதை அவளிடம் சொல்லவில்லை.

கடைசியாக ஸ்டூவர்ட் சந்து. ரஷ்ய ஓவியர் யூலியா வோல்ச்கோவா வரைந்த இந்தியப் படகோட்டி அங்கே சுவர் நிறைய இருக்கிறார். பிள்ளைகள் பேசாமல் பார்த்தார்கள். “நம்ம தாத்தா மாதிரி” என்றான் பெரியவன். தாத்தா படகு ஓட்டியவரல்லர். நான் திருத்தவில்லை.

அன்று மாலை கூடத்தில் அம்மாவின் குரல் உயர்ந்தது. போய்ப் பார்த்தால், மின்விசிறிச் சுவிட்சுக்குக் கீழே பென்சிலில் ஒரு பிள்ளை. எம்பி நிற்கிறது, கை சுவிட்சை எட்ட இன்னும் ஒரு விரல்கடைதான். நாற்காலி, எங்கள் வீட்டு நாற்காலி, சுவரோடு ஒட்டி இழுத்துப் போடப்பட்டிருந்தது.