பதவியும் வீடும்: இரு படங்களில் நகையும் அழுகையும்

தொல்காப்பியர் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியலில் மெய்ப்பாடுகள் எட்டினை எண்ணும்போது நகையை முதலில் வைத்தார். அதனை அடுத்தே அழுகையை வைத்தார். ஒன்றற்கொன்று மாறானவை என நாம் கருதும் இரண்டும் அவ்வரிசையில் அண்டை வீட்டார் போல அமர்ந்திருக்கின்றன. மாந்தர் வாழ்வில் இவ்விரண்டும் மிக நெருங்கி வரும் இடம் ஒன்று உண்டு. வெளியில் பதவியும் பெயரும் பெற்று உயர்ந்த ஒருவன், தன் வீட்டில் தனக்கு இடமில்லை எனக் காணும் நிலையே அது. ஊரார் எழுந்து வணங்கும் ஒருவரை வீட்டார் பொருட்படுத்தாமை முதலில் நமக்குச் சிரிப்பைத் தருகிறது. சற்று நேரத்தில் அச்சிரிப்பு தொண்டையில் சிக்கிக்கொள்கிறது.

இந்நிலையைப் பொருளாகக் கொண்டு, நகையும் அழுகையும் கலந்து எழுந்த தமிழ்ப் படங்களுள் இரண்டை இங்கு ஒப்பிட்டு நோக்குவோம். ஒன்று 1964-இல் வெளிவந்த 'சர்வர் சுந்தரம்'. மற்றொன்று 1970-இல் வெளிவந்த 'வியட்நாம் வீடு'. இரண்டும் நம் நாட்டுத் தமிழரும் நன்கறிந்த படங்கள். இரண்டும் மேடை நாடகமாக இருந்து திரைக்கு வந்தவை. ஒன்றில் நாயகராகவும் மற்றொன்றில் மகனாகவும் நாகேஷ் நடித்தார் என்பதும் ஓர் ஒற்றுமை.

ஒப்பிடுவதற்கு முன் இலக்கணத்தை ஒருமுறை நினைவுகொள்வது நலம். நகை நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கருத்து. அவற்றுள் எள்ளல் ஒன்று, பேதைமை ஒன்று. எள்ளல் என்பது இகழ்ந்து சிரித்தல். பேதைமை என்பது அறியாமையால் வரும் வெள்ளையுள்ளம். அழுகைக்கும் நிலைக்களன்கள் நான்கு. அவற்றுள் இளிவு ஒன்று, இழவு ஒன்று. பிறரால் சிறுமைப்படுத்தப்படும் துயர் இளிவு. உயிரோ பொருளோ உறவோ இழக்கும் துயர் இழவு. இந்நான்கு சொற்களையும் கையில் வைத்துக்கொண்டு படங்களுக்குச் செல்வோம்.

'சர்வர் சுந்தரம்' கே. பாலசந்தர் எழுதியது. சென்னையில் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதியவர் அவர். ரயில்வே எழுத்தராக இருந்து நடிப்புக்கு வந்த நாகேஷை மனத்திற் கொண்டே இதனைப் படைத்தார். ஏவி. எம். தயாரிப்பில் கிருஷ்ணன்-பஞ்சு இரட்டையர் இயக்கினர். கதை எளியது. நடிகனாகும் ஆசையுள்ள ஏழை இளைஞன் ஓர் ஓட்டலில் பரிமாறும் வேலை செய்கிறான். ராதா என்னும் பெண் தன்னை விரும்புவதாக எண்ணிக்கொள்கிறான். நண்பன் ராகவனின் உதவியால் திரையுலகில் நுழைந்து பெரும் நடிகனாகிறான். ராதா விரும்பியது ராகவனையே என்பதைப் பின்னர் அறிகிறான். இறுதியில், அவன் படப்பிடிப்பில் நடித்துக்கொண்டிருந்தபோது தாய் விபத்துக்குள்ளாகிறாள். அவன் வீடு சேரும்போது அவள் உயிரோடில்லை. புகழைத் துறந்து மீண்டும் பரிமாறும் வேலைக்கே திரும்புகிறான்.

சுந்தரம் நடுவயதினன் அல்லன். மனைவி மக்கள் உடையவனும் அல்லன். எனினும் இக்கட்டுரையின் பொருளுக்கு அவனே சிறந்த சான்று. ஏனெனில் மற்றவர்க்கு முப்பது ஆண்டுகளில் நடப்பது அவனுக்குச் சில ஆண்டுகளிலேயே நடந்து முடிகிறது. அவன் தந்த நகை முழுவதும் பேதைமையில் பிறந்தது. ராதாவின் அன்பைத் தவறாக எண்ணிக்கொள்ளும்போது நாம் சிரிக்கிறோம். ஆயினும் அவனை இகழவில்லை. அவனுக்கு வந்த அழுகையோ இழவில் பிறந்தது. எஸ். என். லட்சுமி நடித்த அந்தத் தாய்ப் பாத்திரம் மகனிடம் வேண்டியது மாளிகையையன்று, மகனையே. அவனிடம் மாளிகை இருந்தது, நேரம் இல்லை. யாருடைய கொடுமையும் இங்கு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவனை உயர்த்திய அதே வேலைதான் தாயின் பக்கத்தில் இருக்க விடாமல் அவனைப் பிடித்து வைத்தது.

'வியட்நாம் வீடு' இதனினும் வேறானது. சுந்தரம் என்பவர் எழுதி, சிவாஜி நாடக மன்றம் மேடையேற்றிய நாடகம் அது, பி. மாதவன் இயக்கத்தில் படமாயிற்று. படத்தின் புகழால் ஆசிரியருக்கு 'வியட்நாம் வீடு சுந்தரம்' என்பதே பெயராக நிலைத்தது. இளமையில் ஆதரவற்று, உழைத்துப் படித்து, ஒரு நிறுவனத்தில் உயர் பதவி பெற்றவர் பத்மநாபன். தம் மதிப்பின்மீது அவருக்கிருந்த பற்றினால் 'பிரஸ்டீஜ் பத்மநாபன்' என்றே அழைக்கப்படுகிறார். வீட்டில் ஓயாத சண்டை. அக்காலத்தில் வியட்நாமில் போர் நடந்துகொண்டிருந்தது. எனவே வீட்டுக்கு அப்பெயர். ஓய்வு பெற்றதும் வருமானம் மகனுடையதாகிறது. வீட்டில் சொல்லும் மகனுடையதாகிறது. சிவாஜி கணேசன் அந்தச் சரிவைக் காட்டும் திறம் வியக்கத்தக்கது. ஆணையிடும்போது இருந்த அதே குரல், கேட்பார் இல்லாதபோது எவ்வளவு சிறுத்து விடுகிறது! பத்மினியின் சாவித்திரியோடு அவர் பாடி விளையாடும் இடத்தில் மட்டும் அம்மனிதர் பதவியை மறந்து சிரிக்கிறார். முடிவில் நிறுவனம் அவரை மீண்டும் அழைக்கிறது; அம்மகிழ்ச்சியைத் தாங்காமலே உயிர் பிரிகிறது.

இப்படத்தின் நகை பெரிதும் எள்ளலில் பிறப்பது. எள்ளல் இருவகைப்படும் என்பர் உரையாசிரியர்: தான் பிறரை எள்ளுதல், பிறர் தன்னை எள்ளுதல். பதவியில் இருக்கும் வரை பத்மநாபன் பிறரைக் கடிந்தும் கிண்டல் செய்தும் பேசுகிறார், அரங்கம் சிரிக்கிறது. பதவி போனபின் பிறர் அவரை எள்ளுகின்றனர், அரங்கம் அழுகிறது. அவ்வழுகை இளிவில் பிறந்தது. மதிப்பை இழந்ததற்கான துயர் அது. உறவை இழந்ததற்கான துயர் அதனுள் மறைந்தே கிடக்கிறது.

நம் நாட்டில் இப்படம் மக்கள் மனத்தைத் தொட்டதற்குக் காரணம் காண்பது அரிதன்று. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஊழியர் குடியிருப்பால் வளர்ந்த பகுதி. கிள்ளானைச் சுற்றியோ ரப்பர்த் தோட்டங்கள். அவற்றில் கிராணிமார் தனி மதிப்புடன் வாழ்ந்தனர். இவ்வீடுகள் பலவும் வேலையோடு வந்தவை; வேலை முடிந்ததும் கையை விட்டுப் போனவை. அரசு ஊழியரின் ஓய்வு வயது நெடுங்காலம் 55 ஆக இருந்தது. 2001-இல் 56, 2008-இல் 58, 2012-இல் 60 என உயர்ந்தது. தனியார் துறைக்கு 2013 ஜூலை முதல் 60 என்பது குறைந்த வரம்பாயிற்று. ஆண்டுகள் கூடினும் அந்த நாள் எவருக்கும் வரவே செய்கிறது. நேற்று வரை 'ஐயா' என்றவர் இன்று பார்த்தும் பாராமல் போவதை அறிந்தவர்க்குப் பத்மநாபன் அயலார் அல்லர்.

ஆயினும் கண்ணீர் வந்தது என்பதாலேயே ஒரு படம் உண்மை சொல்லிவிட்டது என்று முடிவு கட்டுதல் ஆகாது. வீடு ஏன் போர்க்களமாயிற்று என்னும் கேள்விக்குப் படம் தரும் விடை யாது? மக்கள் நன்றி மறந்தனர். பணம் வரும் கையை மட்டுமே மதித்தனர் என்பதே விடை. தந்தை அலுவலகத்துக்குத் தந்த முப்பது ஆண்டுகளில் மக்களுக்குத் தந்தது எவ்வளவு என்று படத்தில் எவரும் கேட்கவில்லை. அவர் வீட்டையும் ஓர் அலுவலகமாகவே நடத்தினார். மனைவி மக்களிடமும் மேலதிகாரியாகவே இருந்தார். அலுவலகத்தில் பதவி போனவனுக்கு மரியாதை போவது வழக்கம். அவ்வழக்கத்தை அவரிடமே கற்ற பிள்ளைகள் அவரிடமே அதனைக் காட்டினர். இந்த உண்மை படத்துக்குள் இருக்கிறது. படம் அதனைப் பேசத் துணியவில்லை. மீண்டும் பதவி வந்ததும் கதை முடிந்து விடுவது தற்செயலன்று. பத்மநாபனின் நோய்க்கு மருந்து பதவியே என்று படமும் நம்பிவிட்டது.

அயல்நாட்டுப் படம் ஒன்றை இங்கு நினைப்பது பயன்தரும். ஸ்வீடன் நாட்டு இங்மர் பெர்க்மன் 1957-இல் 'காட்டு ஸ்ட்ராபெரி' என்னும் பொருள்படும் பெயரில் ஒரு படம் எடுத்தார். 78 வயதான மருத்துவப் பேராசிரியர் ஐசக் போர்க், லுண்டு நகரில் தம் மருத்துவப் பணிக்குப் பெருஞ்சிறப்புப் பெறக் காரில் செல்கிறார். உடன் வரும் மருமகள் மரியான், அவர் தன்னலம் மிக்கவர் என்பதை முகத்துக்கு நேரே சொல்லி விடுகிறாள். மகன் அவருக்குக் கடன்பட்டிருக்கிறான். அதனைத் திருப்பித் தந்தாக வேண்டும் என்பது தந்தையின் கண்டிப்பு. சிறப்புப் பெற்ற அன்றிரவு மனம் நெகிழ்ந்து அக்கடனைப் பற்றிப் பேச வாயெடுக்கிறார் தந்தை. பணம் உறுதியாக வந்து சேரும் என்று சொல்லி மகன் பேச்சை முடித்து விடுகிறான். நகையும் அழுகையும் இதனினும் நெருங்கி நிற்க இயலுமா? போர்க்கின் தனிமை அவர் தாமே விதைத்தது என்பதை அப்படம் மறைக்கவில்லை. அவரை அதற்காக வெறுக்கவும் நம்மை விடவில்லை.

மரியான் போல் ஒருத்தி நம் இரு படங்களிலும் இல்லை. சாவித்திரி பணிவிடை செய்கிறாள். சுந்தரத்தின் தாய் காத்திருக்கிறாள். இருவரும் வாய் திறந்து, 'உம் உயர்வுக்கு நாங்கள் கொடுத்த விலை இது' என்று சொல்வதில்லை. அது குறையே. ஆனால் 'சர்வர் சுந்தர'த்தில் தாய் சொல்லாததை அவள் இறப்பு சொல்கிறது. மகன் அதனைக் கேட்டுக்கொள்கிறான். பழிக்கு வேறு ஆள் தேடவில்லை. பதவியை விட்டிறங்கும் அவன் முடிவு மிகையானது என்பார் உளர். மிகையே ஆயினும் அது கணக்கை நேர்மையாகப் பார்த்த ஒருவன் செய்யும் மிகை. ஆதலின் நடிப்பால் 'வியட்நாம் வீடு' உயர்ந்து நிற்பினும், உண்மையால் உயர்ந்தது 'சர்வர் சுந்தரம்' என்பதே என் துணிபு.

இது திரைப்படச் செய்தியாக மட்டும் நின்றுவிடின் இப்பக்கத்தில் எழுத வேண்டியதில்லை. ஆசிரியர்களாகிய நமக்கு இதில் பங்கு உண்டு. தோட்டப்பள்ளிகளில் 'என் தந்தை' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால் பிள்ளைகள் எழுதுவது பெரும்பாலும் தந்தையின் வேலையைப் பற்றியே. அவர் லாரி ஓட்டுகிறார்; கிள்ளான் துறைமுகத்தில் இரவு வேலை பார்க்கிறார்; எங்களுக்காக உழைக்கிறார். அவர் எதற்குச் சிரிப்பார், எந்தக் கதை சொல்வார் என்பது வருவதில்லை. பிழைப்புக்காக ஓடும் அத்தந்தையரைக் குறை கூறுவது அறமாகாது. பத்மநாபனுக்கு இருந்த தெரிவு அவர்களுக்கு இல்லை. ஆனால் அப்பிள்ளைகளிடம், 'படித்து உயர்ந்துவிட்டால் வீட்டின் குறையெல்லாம் தீரும்' என்று நாள்தோறும் சொல்பவர்கள் நாமே. நம் மண்ணில் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' (2015) படத்தில் மணியம் என்னும் தந்தை தன் மகன் அப்போய் படித்து முன்னேற வேண்டும் என்னும் தவிப்பினாலேயே அவனை அடித்து அன்னியமாக்குகிறான். உயர்வு வருவதற்கு முன்பே அதற்குரிய இழப்பு அவ்வீட்டில் வந்து விடுகிறது.

எனவே உயர்வு வேண்டா என்று கற்பிக்கலாகுமா? ஆகாது. வறுமையும் அழுகைக்கு நிலைக்களன் என்றே தொல்காப்பியர் வைத்தார். நம் மக்கள் அதனை நன்கறிவர். உயர்வைப் புகழும்போது அதன் செலவையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். இதற்கு ஒரு வழியும் உண்டு. இடைநிலைப் பள்ளி மாணவர்க்கு இவ்விரு படங்களையும் காட்டி, சாவித்திரி தன் மூத்த மகனுக்கு எழுதும் கடிதம் ஒன்றை எழுதச் சொல்லலாம். சுந்தரத்தின் தாய், தனியே இருக்கும் ஒரு மாலைப் பொழுதில் என்ன நினைத்திருப்பாள் என்று எழுதச் சொல்லலாம். படம் வாய் திறக்காத இடத்தில் மாணவன் வாய் திறக்கக் கற்பான். அக்கடிதத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று தந்தையிடம் படித்துக் காட்டவும் கூடும். இரவு வேலை முடிந்து வந்த அந்த மனிதர் அதனைக் கேட்டுச் சிரிப்பாரோ, கண் கலங்குவாரோ, நாம் அறியோம். இரண்டும் அண்டை வீடுகளே. எதன் கதவு திறந்தாலும் நன்றே.