ஷனனின் செய்தித்தொடர்புக் கொள்கை: ஒரு மதிப்பீடு

அறிவியற் கட்டுரைகளுட் சில புதுப்பொருள் கண்டுரைப்பன. சில மனித முயற்சிக்கு எல்லை வகுப்பன. அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுகூடத்தைச் சார்ந்த குளோட் ஷனன் 1948ஆம் ஆண்டில் வெளியிட்ட 'செய்தித்தொடர்பு பற்றிய ஒரு கணிதக் கொள்கை' பின்னைய வகையினது. மறு ஆண்டு அது நூலுருப் பெற்றபொழுது, தலைப்பிலிருந்த 'ஒரு' நீங்கி, இதுவே அக்கொள்கை எனச் சுட்டுஞ் சொல் அவ்விடத்தைப் பெற்றது. அம்மாற்றம் தகுமோ என்பது ஆராயற்பாலது.

கம்பியில்லாச் செய்தி இரைச்சலாற் சிதையும். ஒவ்வொரு குறியையும் மும்முறை அனுப்பினாற் பிழை குறையும்; வேகமோ மூன்றிலொன்றாகும். பிழை மேன்மேலுங் குறைய வேகமும் அற்றுப்போகும் என்பதே முன்னையோர் துணிபு. ஷனன் அதனை மறுத்தார். ஒவ்வொரு செய்திவழிக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அதனிற் குறைந்த எவ்வேகத்திலும், பிழையை வேண்டியவாறு சிறிதாக்கவல்ல குறிமுறை உளது என நிறுவினார். பட்டையகலம் 10 இலட்சம் ஹேட்ஸ், குறிவலு சீரான இரைச்சல்வலுவின் 15 மடங்கு எனின், கொள்ளளவு செக்கனுக்கு 40 இலட்சம் பிட் ஆகும்.

அக்குறிமுறை யாது? கட்டுரை விடை தரவில்லை. எழுந்தமானமாக எடுத்த குறிமுறைகளின் சராசரிப் பிழை சிறிதெனக் காட்டி, ஆகவே நல்லதொன்று உளதென முடிக்கின்றது. புதையல் உண்டென்று கூறி, இடத்தைச் சொல்லாமை போன்றது இது என்பாருளர். இக்குற்றச்சாட்டு முற்றும் பொருந்தாது. நிறுவல்முறையைப் பின்பற்றிக் குறிமுறை அமைத்தல் பெரும்பாலும் இயலாதென ஷனனே ஒப்புக்கொண்டார். அன்றியும், ஹமிங்கின் குறிமுறையை எடுத்துக்காட்டாகத் தந்தார். நான்கு குறிகளை மும்முறை அனுப்பப் பன்னிரண்டு வேண்டும். ஹமிங் முறையில் ஏழே ஓரிடத்துப் பிழையைத் திருத்தப் போதும்.

உண்மைக் குறை வேறிடத்தது. நிறுவல், குறித்தொடரின் நீளத்துக்கு வரம்பு வைக்கவில்லை. நீளம் மிகக் காத்திருக்குங் காலமும் கணிப்புழைப்பும் மிகும். அவற்றின் விலை கூறப்படவில்லை. அவ்விலையை வரலாறு காட்டிற்று. றொபேட் கல்லகர் 1960இல் தம் ஆய்வேட்டில் வகுத்த சிறந்த குறிமுறை, அக்காலக் கணிப்பொறிகளுக்குப் பெருஞ்சுமையாகி, முப்பது ஆண்டளவு பெரும்பாலும் மறக்கப்பட்டது. 1993இல் பெரூவும் உடனாய்ந்தோரும் வெளியிட்ட 'டர்போ' குறிமுறை கொள்ளளவை மிக நெருங்கியது. அதன்பின்னரே கல்லகரின் முறை மீட்கப்பட்டது. இன்று ஐந்தாந் தலைமுறைக் கையடக்கத் தொலைபேசிகளின் தரவு அம்முறையாற் காக்கப்படுகின்றது.

ஆகவே, முதற்றலைப்பின் 'ஒரு'வே தகுதியுடையது. எல்லை எதுவென்பதை இக்கட்டுரை ஐயமறக் கூறிற்று. எல்லையை அடையும் வழிக்கு வேறு கொள்கைகள் வேண்டியிருந்தன. எனினும், அவ்வெல்லை வகுக்கப்படாதிருந்தால், பின்வந்தோர் தாம் எவ்வளவு அணுகினர் என்பதைத் தாமே அறிந்திரார்.