பழம்பாட்டும் மறுகலவையும்

“பழைய பாட்டைக் கெடுத்துவிட்டார்கள்” என்னும் குறை, கெடாவின் தோட்டங்களிலும் நகரங்களிலும் அடிக்கடி நம் காதில் விழுவதாகும். சுங்கைப்பட்டாணித் தைப்பூசத்தில் உறுமி மேளக்காரர் சினிமா மெட்டில் முருகன் பாட்டை முழக்கினாலும் இதே பேச்சு. கூலிம் கலியாண மண்டபத்தில் ‘ரீமிக்ஸ்’ ஒலித்தாலும் இதே பேச்சு. கெட்டது எது, கெடுத்தவர் யார் என்று ஆராய்வார் மட்டும் அரியர்.

முதலில் சொல்லின் பொருளைக் காண்போம். குரல், மேளம், தந்தி வாத்தியம் முதலியவற்றைத் தனித்தனித் தடங்களிற் பதிந்து, அளவறிந்து ஒன்றாக்குவது கலவை. அத்தடங்களை மீண்டும் பிரித்து, ஒன்றை ஒடுக்கி, மற்றொன்றை ஓங்கச் செய்து, வேறொரு பாட்டாக்குவது மறுகலவை. இக்கலை மாளிகையிற் பிறந்ததன்று. ஜமைக்காத் தீவின் கிங்ஸ்டன் நகரில் மின்கருவிகளைப் பழுதுபார்த்து வந்த கிங் டப்பி என்பார், 1970-களில் பாட்டினின்று குரலை நீக்கி, முரசொலியை முன்னிறுத்தி, எளிய மக்கள் கூடியாடும் தெருக்களுக்கு அதனை வழங்கினார். அதே பத்தாண்டில் நியூயார்க்கில் டாம் மோல்டன் என்பார், நடன அரங்குகளுக்கெனப் பாட்டுகளை நீட்டி அமைத்தார்.

பிறர் மெட்டை எடுத்தாளுதல் நமக்கும் புதிதன்று. 1835-இல் மறைந்த முத்துசாமி தீட்சிதர், ஆங்கிலேயரின் வாத்திய கோஷ்டி மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் இயற்றினார். இங்கிலாந்து அரச வாழ்த்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று. ‘நோட்டுஸ்வரம்’ என்று அவை சபைகளிற் போற்றப்படுகின்றன. வித்துவான் கலந்தால் கலை, தோட்டத்துப் பையன் கலந்தால் களங்கம் என்பது என்ன நியாயம்?

ஆயினும், கலந்தவை யாவும் கலையென நாம் வாதிக்கவில்லை. ‘படகோட்டி’ (1964) பாட்டொன்று ‘நியூ’ (2004) படத்திலும், ‘சொர்க்கம்’ (1970) பாட்டொன்று ‘அழகிய தமிழ்மகன்’ (2007) படத்திலும் ஏ. ஆர். ரகுமான் இசையில் மீண்டும் வந்தன. இவை புதுக்குரலிற் பாடப்பட்டவை. ஆதலின் கண்டிப்பாகச் சொன்னால் மறுபதிவுகளே. ஓசை நயம் இவற்றில் உண்டு. ஆனால் பழம்பாட்டு சொல்லாத எதனை இவை சொல்லின என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது.

நம் நாட்டு யோகி பியும் நட்சத்திரா குழுவினரும் 2006-இல் ‘வல்லவன்’ தொகுப்பில் அளித்த ‘மடை திறந்து’ அத்தகையதன்று. இளையராஜா இசையும் வாலி சொல்லும் எஸ். பி. பாலசுப்பிரமணியம் குரலும் கூடிய மூலப்பாட்டு ‘நிழல்கள்’ (1980) படத்தது. அங்கே வாய்ப்பற்ற இசைக் கலைஞன் ஒருவன் தன் வெற்றியைக் கனவு காண்கிறான். அக்கனவினிடையே மலேசிய இளைஞர் தம் சொல்லிசையைப் பெய்தபோது, அது இவர்களின் கனவுமாயிற்று. தற்புகழ்ச்சி மிகுதி, விரைவிற் சில சொற்கள் காதில் நில்லாமல் ஓடுகின்றன. எனினும் மூலத்தின் கருத்தை உணர்ந்து செய்த கலவை இது. மறு ஆண்டே ‘பொல்லாதவன்’ படத்து ரீமிக்ஸில் யோகி பியின் குரல் ஒலித்தது. சென்னையினின்று பாட்டு வாங்கியே பழகிய நாம் சென்னைக்குக் குரல் கொடுத்தோம்.

ஒன்றை ஒளிக்காமற் சொல்லுகிறேன். ஆங்கிலவழியிற் படித்த நான் ‘மடை திறந்து’ பாட்டைக் கேட்டபோது மூலமொன்று உண்டென்றே அறியேன். என் தகப்பனார்தாம் ‘நிழல்கள்’ படத்தைச் சொல்லி, பழம்பாட்டையும் போட்டுக் காட்டினார். அன்றிரவு நெடுநேரம் தமிழ்ப் பாட்டைப் பற்றிப் பேசினோம். அதற்குமுன் நாங்கள் அப்படிப் பேசியதில்லை. மறுகலவை எனக்குப் பழம்பாட்டைக் கெடுக்கவில்லை, கொடுத்தது.

ஆனால் அன்று தகப்பனார் அருகில் இராவிட்டால்? கைப்பேசியிற் பரவும் ரீமிக்ஸுகள் பலவற்றில் கலந்தவர் பெயர் மட்டுமே காணப்படுகிறது. மெட்டமைத்தவரும் பாட்டெழுதியவரும் இல்லை. நான் தோட்டத்துக் கிராணி. வேலை செய்தவன் பெயரைச் செக்ரோலில் எழுதாமல் விட்டால் அவன் உழைப்பே இல்லையென்றாகிவிடும் என்பதை நன்கறிவேன். இளைஞர்கள் தாராளமாகக் கலக்கட்டும்; முன்னே உழைத்தவர் பெயரையும் உடன் எழுதட்டும். நாம் கேட்பது அவ்வளவே.