ஓசையில்லாத ஐயம்

2008 ஜூன் 7 அன்று ஹிலரி கிளிண்டன் போட்டியிலிருந்து விலகினார். டென்வரில் ஜனநாயகக் கட்சியின் மாநாடு கூட இன்னும் பதினொரு வாரங்கள் இருந்தன. ஆனாலும் அதிபர் வேட்பாளர் பராக் ஒபாமாதான் என்பதில் அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. யாருக்கு வாக்களிப்பது என்று முடிவெடுக்காமல் இருந்த வாக்காளருக்கு அதுதான் நல்ல வேளை. முன்தேர்தல் கூச்சல் ஓய்ந்திருந்தது. மாநாட்டு மேளம் இன்னும் கொட்டவில்லை. அந்த நடுக்கோடையில் நின்று, அன்று கைக்கெட்டிய ஆதாரங்களை மட்டும் வைத்து ஒபாமாவை எடைபோட்டிருந்தால் எந்த முடிவு நியாயமானதாக இருந்திருக்கும்? பின்னால் நடந்ததை வைத்து முன்னால் எடுத்த முடிவைப் புகழ்வதும் பழிப்பதும் எளிது. வாக்களிப்பவருக்கு அந்த வசதி ஒருநாளும் கிடைப்பதில்லை. அதனால் தீர்ப்பு சொல்லும்வரை நானும் அந்த வசதியைத் தொடப்போவதில்லை.

ஓர் ஐயம் எழுந்தால் அது உண்மையா என்று முதலில் பார்க்க வேண்டும். உண்மையானால், அதிபர் பதவியின் அதிகாரங்களோடு அதற்குத் தொடர்பு உண்டா என்று பார்க்க வேண்டும். தொடர்பும் இருந்தால், எதிரே நிற்கும் ஜான் மெக்கெய்ன் அதே சோதனையில் தேறுகிறாரா என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வாக்குச்சீட்டில் குறையில்லாத மனிதர் என்று ஒரு கட்டம் இருப்பதில்லை.

அந்த ஆண்டு அதிகம் சத்தம் போட்டது பாதிரியார் ஜெரமையா ரைட் விவகாரம். அமெரிக்காவைக் கடுமையாகச் சாடும் அவருடைய பிரசங்கக் காட்சிகள் மார்ச்சில் தொலைக்காட்சிகளில் ஓயாமல் ஓடின. ஒபாமா ஏறத்தாழ இருபது ஆண்டுகள் போய்வந்த தேவாலயம் அது. திருமணம் செய்துவைத்தவரும் ரைட்தான். மார்ச் 18 அன்று ஃபிலடெல்ஃபியாவில் இனப் பிரச்சினையைப் பற்றி ஒபாமா ஆற்றிய உரை அருமையானது என்பதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டேன், நல்ல உரை எழுதுவது அவருடைய தொழில்திறன். ஆதாரம் வேறு இடத்தில் இருந்தது. எட்டு ஆண்டு மாநில செனட், மூன்றரை ஆண்டு தேசிய செனட்: இரண்டிலும் ரைட்டின் சினத்தைச் சட்டமாக்க முயன்றதாக ஒரு வரிகூட இல்லை. ஏப்ரல் கடைசியில்தான் உறவை முறித்தார் என்பது அவருடைய தயக்கத்தைக் காட்டுகிறது, கொள்கையைக் காட்டவில்லை. ஒபாமா ரகசியமாக இஸ்லாமியர் என்ற வதந்தி பொய். உண்மையாக இருந்திருந்தாலும் அது ஒரு குற்றமே அல்ல. இவ்விரண்டுக்கும் இதற்குமேல் இடம் தரத் தேவையில்லை.

அனுபவக் குறைவு என்ற ஐயம் அப்படித் தள்ளக்கூடியது அன்று. 2005 ஜனவரியில் வாஷிங்டனுக்கு வந்தவர் 2007 பிப்ரவரியிலேயே அதிபர் பதவிக்குப் போட்டி அறிவித்துவிட்டார். நிர்வாகப் பொறுப்பு எதையும் வகித்ததில்லை. இல்லினாய் மாநில அவையில் 'ஆம்' என்றும் சொல்லாமல் 'இல்லை' என்றும் சொல்லாமல், அவையில் இருக்கிறேன் என்று மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட முறை பதிவு செய்திருந்தார். ஒரு மசோதா நிறைவேற மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் 'ஆம்' சொல்ல வேண்டிய அவை அது. ஆகவே அந்தப் பதிவு நடைமுறையில் எதிர்ப்பாகவே கணக்காகும், கட்சி வகுத்த உத்தியாகவும் அது பயன்பட்டது. அப்படியே இருந்தாலும், இடர் வரும் இடத்தில் சற்று ஒதுங்கி நிற்கும் பழக்கம் அதில் தெரிவதாகவே நான் நினைக்கிறேன்.

ஆனால் அதே அவையில் அவர் செய்த ஒரு வேலையை அனுபவம் என்று கணக்கில் எடுத்தவர்கள் குறைவு. மரண தண்டனை பெற்ற 13 பேர் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்ட மாநிலம் இல்லினாய். 2000-இல் ஆளுநர் ஜார்ஜ் ரயன் தண்டனை நிறைவேற்றத்தையே நிறுத்திவைத்தார். கொலை வழக்குகளில் போலீஸ் விசாரணையை ஒலி அல்லது ஒளிப்பதிவு செய்வதைக் கட்டாயமாக்கும் மசோதாவை ஒபாமா கையில் எடுத்தபோது காவல் துறையினரும் அரசு வழக்கறிஞர்களும் எதிர்த்தார்கள். அவர்களை மேசைக்கு அழைத்து, ஷரத்து ஷரத்தாகப் பேசி, 2003-இல் செனட் அவையில் ஓர் எதிர்ப்பு வாக்கும் இல்லாமல் நிறைவேற்றினார். பகைவரை உட்காரவைத்துப் பேசும் பொறுமையும் அனுபவம்தான்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்கலாம். இராக் போரை வகுத்த டிக் செய்னியும் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டும் அதற்கு முன்பே ஆளுக்கொரு முறை பாதுகாப்பு அமைச்சர்களாக இருந்தவர்கள். நீண்ட அனுபவம் தெளிந்த முடிவுக்கு உத்தரவாதம் அல்ல என்று 2008-இன் வாக்காளருக்கு யாரும் எடுத்துச்சொல்ல வேண்டியிருக்கவில்லை.

2002 அக்டோபர் 2 அன்று சிகாகோவின் ஃபெடரல் பிளாசாவில் ஒபாமா இராக் போரை எதிர்த்துப் பேசினார். எல்லாப் போரையும் அவர் எதிர்க்கவில்லை. இந்தப் போர் எத்தனை காலம் நீளும், எவ்வளவு செலவாகும், என்னவெல்லாம் விளையும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். அடுத்த வாரமே மெக்கெய்னும் ஹிலரியும் போருக்கு அதிகாரம் தரும் தீர்மானத்துக்கு 'ஆம்' சொன்னார்கள். ஒபாமாவின் ஆதரவாளர்கள் இந்த உரையை அளவுக்கு மீறித் தூக்கிப் பிடித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அன்று அவர் கையில் வாக்கு இல்லை. அவர் தொகுதி போர் எதிர்ப்பாளர்கள் நிறைந்தது. 2004-இல், உளவுத் தகவல்களைப் பார்க்காத நிலையில் தான் செனட்டில் இருந்திருந்தால் எப்படி வாக்களித்திருப்பேன் என்று தெரியாது என்று அவரே சொன்னார். செனட்டுக்கு வந்த பிறகும் 2007 மே வரை போர்ச் செலவுக்கு ஒப்புதல் கொடுத்தே வந்தார். இவ்வளவையும் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. தேசிய செனட்டுக்குப் போட்டியிட ஆயத்தமாகிக்கொண்டிருந்தவர், நாடு முழுவதும் போர் ஆதரவு அலை அடித்த நேரத்தில், சரியான காரணங்களைச் சொல்லிச் சரியான முடிவுக்கு வந்தார்.

என்னை உண்மையிலேயே உறுத்தும் ஐயம் பலர் காதில் விழவே இல்லை. நீதிமன்ற ஆணையில்லாமல் அரசு ஒட்டுக்கேட்டது 2005 டிசம்பரில் வெளிவந்தது. அதற்கு ஒத்துழைத்த தொலைபேசி நிறுவனங்கள்மீது வழக்குகள் குவிந்தன. அந்த நிறுவனங்களுக்கு முன்தேதியிட்டுச் சட்டப் பாதுகாப்பு தரும் எந்த மசோதாவையும், வாக்கெடுப்புக்கே போகவிடாமல் பேசித் தடுக்கும் முயற்சியை ஒபாமா ஆதரிப்பார் என்று அவருடைய பிரசாரக் குழு 2007 அக்டோபரில் உறுதி சொன்னது. 2008 ஜூலை 9 அன்று அத்தகைய மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. பாதுகாப்பு ஷரத்தை நீக்கும் திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். அது தோற்றதும், முழு மசோதாவுக்கும் 'ஆம்' என்றார். 69-க்கு 28 என்று நிறைவேறியது. ஹிலரி 'இல்லை' என்றார். ஒபாமா பன்னிரண்டு ஆண்டுகள் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அரசியல் சட்டம் கற்பித்தவர் என்பதால் இந்த 'ஆம்' இன்னும் கனக்கிறது. அவருடைய பிரசார இணையதளத்திலேயே ஆயிரக்கணக்கான ஆதரவாளர்கள் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கண்காணிப்பை இனி இந்தச் சட்டத்துக்கு வெளியே நடத்த முடியாது என்ற ஷரத்தைக் காட்டி அவர் பதில் எழுதினார். அந்த வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை. ஆனால் கொடுத்த வாக்குறுதி அதற்கு நேர்மாறானது.

அதற்கு மூன்று வாரம் முன்பு, ஜூன் 19 அன்று, பொதுத் தேர்தலுக்கான அரசு நிதியை அவர் மறுத்தார். வாட்டர்கேட் ஊழலுக்குப் பின் வந்த ஏற்பாடு அது. அந்த ஆண்டு அந்த நிதியை வாங்கினால் 8.41 கோடி டாலரோடு செலவை நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. எதிர்க்கட்சி வேட்பாளரும் சம்மதித்தால் இந்த வரம்புக்குள் நிற்பேன் என்ற பொருளில் முன்பு எழுதிக் கொடுத்தவர், மெக்கெய்ன் வரம்பை ஏற்றபோது தான் விலகினார். இந்தச் சோதனையில் தேறியவர் மெக்கெய்ன்தான்.

இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒரு குணம் துலங்குகிறது: வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, கொள்கை அளவில் கொடுத்த வாக்குறுதியைக் காரணங்களோடு தளர்த்திவிடும் குணம். அதிகாரத்தை ஒப்படைக்கப்போகிறவருக்கு இதைவிடத் தொடர்புள்ள ஐயம் இருக்க முடியாது.

மெக்கெய்ன் பக்கம் திரும்பினால் அதே தளர்ச்சி அங்கும் உண்டு. கைதிகளைச் சித்திரவதை செய்வதற்கு எதிராக 2005-இல் துணிந்து சட்டம் கொண்டுவந்தவர், 2008 பிப்ரவரியில் சிஐஏவை ராணுவ விசாரணைக் கையேட்டுக்குள் கட்டுப்படுத்தும் மசோதாவை எதிர்த்து வாக்களித்தார். செனட்டர் எட்வர்ட் கென்னடியோடு சேர்ந்து தான் எழுதிய குடியேற்ற மசோதாவுக்கே இனி வாக்களிக்க மாட்டேன் என்று ஜனவரி விவாத மேடையில் சொன்னார். ஒட்டுக்கேட்பு மசோதாவை ஆதரித்தார், வாக்கெடுப்புக்கு வரவில்லை. ஆகவே சொல் தவறாமை இருவரையும் பிரித்துக் காட்டவில்லை. பிரித்துக் காட்டியது போரைப் பற்றிய தீர்மானம். அதிபரின் அதிகாரங்களில் ஒருமுறை பயன்படுத்தினால் திரும்பப் பெறவே முடியாதது அது.

என் தீர்ப்பு: அன்றைய ஆதாரங்களின்படி ஒபாமாவுக்கு வாக்களிப்பதே சரி. ரைட்டை மறக்கலாம், அனுபவக் குறைவைப் பொறுக்கலாம். ஜூலை 9-ஐ வாக்குச்சாவடிக்கு வெளியே விட்டுவிட்டுப் போகக் கூடாது.

இனி நடந்ததைப் பார்க்கலாம். 2011 டிசம்பரில் அமெரிக்கப் படை இராக்கை விட்டு வெளியேறியது. எடை சரியாக விழுந்தது என்று அப்போது தோன்றியது. ஆனால் அதே ஆண்டு மார்ச்சில் லிபியாமீது குண்டுவீச அவர் நாடாளுமன்றத்தின் அனுமதியைக் கேட்கவில்லை. உடனடி ஆபத்து இல்லாத நிலையில் அதிபர் தன்னிச்சையாக ராணுவத் தாக்குதலுக்கு உத்தரவிட முடியாது என்று 2007 டிசம்பரில் எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். நான் தராசின் ஒரு தட்டில் வைத்த போர், மறுதட்டில் வைத்த தளர்ச்சி இரண்டும் லிபியாவில் ஒன்றாகிவிட்டன. 2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களில் 'ப்ரிஸம்' என்ற கண்காணிப்புத் திட்டம் இருந்தது. அதற்குச் சட்ட அடிப்படை, 2008 ஜூலை 9 அன்று ஒபாமா 'ஆம்' என்ற மசோதாவில் இருந்த 702-ஆம் பிரிவு. அந்தச் சட்டத்தை மேலும் ஐந்தாண்டுக்கு நீட்டித்து, 2012 டிசம்பர் 30 அன்று கையெழுத்திட்டவரும் அவரே.