உண்மை கண்டறியும் சோதனை: வழக்கறிஞர் எங்கே உட்கார்வது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலை வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த ஓர் இளைஞர் மேல் கொலைச் சந்தேகம் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். சோதனைக்குச் சம்மதமா என்று கேட்டால், தப்பு செய்யாதவன் ஏன் பயப்பட வேண்டும் என்று தலையாட்டிவிடுவார். அவருக்குத் தெரிந்த தமிழ் ஷிப்ட் நேரத்துக்கும் மளிகைக் கடைக்கும்தான் போதும்.

நெஞ்சிலும் வயிற்றிலும் குழாய் கட்டுவார்கள். கையில் இரத்த அழுத்தப் பட்டை, விரல்களில் வியர்வையை அளக்கும் தகடு. அந்தக் கருவிக்குப் பொய் தெரியாது. மூச்சும் நாடியும் வியர்வையும் மாறுவது மட்டுமே தெரியும். பயந்தவனுக்கும் வியர்க்கும். 'உண்மை கண்டறியும்' என்று நாம் வைத்த பெயரே அதற்கு இல்லாத தகுதியைக் கொடுத்துவிட்டது.

இத்தகைய சோதனைகளைக் கட்டாயமாகவே நடத்தலாம் என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் கருதியது. 2010 மே 5 அன்று செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்தது: சம்மதம் இல்லாமல் சோதனை கூடாது, சம்மதித்தாலும் முடிவு தன்னளவில் சாட்சியம் ஆகாது. தேசிய மனித உரிமை ஆணையம் 2000இல் வகுத்த நெறிமுறைகளையும் கட்டாயம் பின்பற்றச் சொன்னது.

அந்த நெறிமுறைகளின் பலம், சம்மதத்தை மாஜிஸ்திரேட் முன்னால், வழக்கறிஞர் துணையோடு பதிவு செய்யச் சொல்வது. இது வெறும் ஏட்டுச் சொல் அல்ல. தொழிலதிபர் ராமஜெயம் கொலை வழக்கில் திருச்சி நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் சம்மதிக்க மறுத்தார்; சம்மதித்தவர்களுக்குத்தான் 2023 ஜனவரியில் சென்னையில் சோதனை நடந்தது.

பலவீனம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. சோதனையின் விளைவுகளை விளக்கும் இடத்தில் 'அவருடைய வழக்கறிஞர்' என்று எழுதிய ஆணையம், சோதனை நடக்கும் இடத்தில் 'ஒரு வழக்கறிஞர்' முன்னிலையில் என்று மட்டும் எழுதியது. யாருடைய வழக்கறிஞர்? அறைக்குள்ளா, வெளியிலா? கேள்வியை ஆட்சேபிக்கலாமா? எதற்கும் விடை இல்லை. விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம், ஆனால் விசாரணை முழுவதும் அல்ல என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 38ஆம் பிரிவு. அதை இங்கே பொருத்துவது தவறு. சாதாரண விசாரணையில் வாய்மூடி இருந்துவிடலாம். இங்கே வாய் மூடினாலும் திரையில் கோடு ஓடிக்கொண்டிருக்கும்.

வழக்கறிஞர் அறைக்குள் இருக்கக் கூடாது என்ற நிபுணர்களின் ஆட்சேபத்தையும் நான் ஒதுக்கவில்லை. மூன்றாம் ஆள் அருகில் இருமினாலே மூச்சின் கோடு மாறும். வழக்கறிஞரின் முகம் பார்த்துப் பதில் சொல்பவரிடம் எதையும் அளக்க முடியாது. நியாயம்தான். ஆனால் பெரும் பகுதி நேரம் போவது கருவி ஓடும்போது அல்ல, அதற்கு முந்தைய பேச்சில். 'ஆம்', 'இல்லை' என்று பதில் வரும்படி கேள்விகள் அங்கேதான் செதுக்கப்படுகின்றன. "அன்று இரவு நீ அங்கே இருந்தாயா?" என்பதில் எந்த இரவு, எந்த இடம் என்பது இரண்டு மொழிகளுக்கு நடுவில் தொலைந்துபோகலாம். தொலைந்தால் அந்தக் குழப்பமே வியர்வையாகிக் கணக்கில் ஏறும். இதைத் தடுக்க வேண்டியவர் வராந்தாவில் உட்கார்ந்திருந்து பயனில்லை.

என் முடிவு இது. கேள்விகளை வகுக்கும்போது வழக்கறிஞர் கூடவே இருக்க வேண்டும். கருவி ஓடும்போது கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலோ அடுத்த அறையில் வீடியோ திரை முன்போ, பேசாமல், ஆனால் எல்லாவற்றையும் பார்த்துக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும். முழுப் பதிவின் நகலும் அவர் கைக்கு வர வேண்டும்.

இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பொன்னேரியிலும் திருவள்ளூரிலும் வாதாடும் வழக்கறிஞர்களே, அடுத்த சம்மத மனு வரும்போது இந்த மூன்றையும், கட்சிக்காரரின் மொழி தெரிந்த மொழிபெயர்ப்பாளரையும், உத்தரவிலேயே எழுதித் தரும்படி மாஜிஸ்திரேட்டிடம் கேளுங்கள்.