படப்பைக்குப் பைன் மரம் எதற்கு?

படப்பைப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் அறிவியல் கண்காட்சியில், மேல்நிலை வகுப்பு மாணவர்கள் அமைத்திருந்த மாதிரி இரயில் பாதையை அண்மையில் கண்டேன். எட்டடி நீளமும் நாலடி அகலமும் உள்ள ஒட்டுப்பலகை. அதன்மேல் நீள்வட்டமாக இருப்புப்பாதை. இயந்திரப் பகுதியில் குறை சொல்ல இடமில்லை. மூன்று பெட்டிகளுடன் வண்டி ஒருமுறைகூடத் தடம் புரளாமல் ஓடியது. கைகாட்டி உரிய நேரத்தில் இறங்கியது. மின்சுற்றை அவர்களே அமைத்தார்களாம், பாராட்ட வேண்டியதுதான்.

குறையெல்லாம் நிலக்காட்சியில். பின்புறம் ஒரு பச்சை மலை, உச்சியில் பஞ்சினால் பனி, சரிவெங்கும் பைன் மரங்கள், மலையைக் குடைந்து ஒரு சுரங்கம். முன்னால் நிலையத்தின் பெயர்ப் பலகையிலோ ‘படப்பை’! படப்பையில் இரயில் நிலையமே கிடையாது என்பதை மன்னித்துவிடலாம். கற்பனையாக ஒரு நிலையம் கட்டிக்கொள்ள மாதிரி செய்பவருக்கு உரிமை உண்டு. ஆனால் பனிமலை?

“சுரங்கம் எதற்கு, தம்பி?” என்று ஒரு மாணவரைக் கேட்டேன். “வளைவு ரொம்ப நெருக்கமா இருக்கு சார், அதை மறைக்கத்தான்” என்றார். காரணம் சரியானதே. இவர்கள் எடுத்துக்கொண்ட அளவு 87-ல் ஒரு பங்கு. நமது அகலப் பாதையில் மிகக் கூர்மையான வளைவுக்கும் 175 மீட்டர் ஆரம் வேண்டும். அதை 87 ஆல் வகுத்தால் 2 மீட்டர் வருகிறது. நாலடிப் பலகையில் அது அடங்காது. ஆகவே 44 செ.மீ. ஆரத்தில் வளைத்திருக்கிறார்கள். அந்த வளைவில் பெட்டிகள் கோணிக்கொண்டு திரும்புவதைக் கண்டால் ஏமாற்று வெளிப்பட்டுவிடும். மறைக்கத்தான் வேண்டும். ஆனால் மறைப்பதற்கு இந்த ஊரிலேயே நல்ல பொருள் இருக்கிறது: ஏரிக்கரை.

படப்பை, மணிமங்கலம் வட்டாரம் ஏரிகளின் நாடு. ஐந்து மீட்டர் உயரக் கரை இந்த அளவில் ஆறு செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. பெட்டியின் உயரத்தைவிடக் கூடுதல். அதன்மேல் வரிசையாகப் பனை மரங்களை நட்டுவிட்டால் வளைவு காணாமற்போகும். ஏரி முழுவதையும் காட்ட வேண்டியதில்லை. எட்டடிப் பலகை உண்மையில் ஏறக்குறைய 210 மீட்டர் நிலத்தைத்தான் குறிக்கிறது. கரையும், ஒரு மதகும், மதகின் கீழே இரண்டு வயலும் போதும். மிச்சத்தைப் பார்ப்பவர் மனமே கட்டிக்கொள்ளும்.

பனையின் அளவைக் கவனியுங்கள். நன்கு வளர்ந்த பனை 20 மீட்டர் உயரம் நிற்கும்; மாதிரியில் 23 செ.மீ. பெரம்பூர் தொழிற்சாலையின் வழக்கமான பயணிகள் பெட்டியின் நீளம் சுமார் 21 மீட்டர். மாதிரியில் 24½ செ.மீ. அதாவது, ஒரு பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தினால் பனை எட்டும் உயரம்! நம் மாணவர்களின் மரங்களோ பெட்டிக் கூரையைக்கூடத் தாண்டவில்லை. முன்னால் 23 செ.மீ. பனைகளும், பின்னால் 12 செ.மீ. பனைகளும் வைத்தால் கண் அதைத் தொலைவு என்று எடுத்துக்கொள்ளும். பலகையின் அகலம் இரட்டித்ததுபோல் தோன்றும்.

இன்னொன்று, தண்டவாளத்தின் அடியில் போட்ட ஜல்லி. ஐந்து மி.மீ. கூழாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். 87 ஆல் பெருக்கிப் பாருங்கள்: ஒவ்வொன்றும் 43 செ.மீ. பாறை! உண்மையான ஜல்லி 65 மி.மீ.க்கு மேல் போவதில்லை. சலித்த பெருமணலே அதற்குப் போதும். கடையில் வாங்கும் 16.5 மி.மீ. தண்டவாளம் நமது 1676 மி.மீ. அகலப் பாதைக்குக் குறுகலானது, 19 மி.மீ.க்கு மேல் வேண்டும். இதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். வேறு பாதை எளிதில் கிடைக்காது. பார்ப்பவரின் கண்ணும் அதைப் பிடிக்காது.

இங்கிலாந்தில் ராய் இங்லண்டு என்ற ஆஸ்திரேலியர் ஒருவர் இருந்தார். 1925-இல் அங்கே வந்த அவர், ‘வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு’ எனப்படும் பகுதியின் கூரை வீடுகள் ஒவ்வொன்றாக மாறி மறைவதைக் கண்டு, அவற்றை 76-ல் ஒரு பங்கு அளவில் செய்து வைக்கத் தொடங்கினார். அந்த முயற்சியே பெண்டன் அருங்காட்சியகமாக வளர்ந்தது. அங்கே நிலம்தான் முதன்மை. இரயில் அதனூடே ஓடுகிறது.

படப்பையின் நிலமும் அவ்வாறே மாறி வருகிறது. ஒரகடம் பக்கம் வயல் இருந்த இடங்களில் நீண்ட தொழிற்கூடங்கள். அங்குச் செய்யப்படும் கார்கள் செங்கற்பட்டு–அரக்கோணம் பாதையிலுள்ள வாலாஜாபாத் நிலையத்தில் சரக்கு வண்டிகளில் ஏறுகின்றன. சன்னல்களை அடைத்து மாற்றிய பழைய பயணிகள் பெட்டிகளும் இதற்குப் பயன்படுகின்றன. பழைய பெட்டி ஒன்றைக் கெடுத்து அப்படிச் செய்வது மாணவர்களுக்கு அரைநாள் வேலை. ஒரு பக்கம் ஏரிக்கரை, மறுபக்கம் தகரக் கூரைக் கூடத்தின் நீளச் சுவர்: இரண்டு வளைவுகளும் மறைந்துவிடும், ஊரும் வந்துவிடும்.

பைன் மரங்களை விற்பவர்கள் ஆயத்தமாக விற்கிறார்கள். பனையை நாமே செய்ய வேண்டும். கம்பியில் நூல் சுற்றி, விசிறி மடிப்பாகத் தாளை வெட்டி ஒட்டலாம். அடுத்த கண்காட்சிக்குமுன், தம்பிகளா, அளவு நாடாவுடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்குப் போய் வாருங்கள். மதகை முதலில் அளந்துகொள்ளுங்கள்.